கன்று நுழைந்த வீடுகள்

அந்த ஒரு குழியில் மறுபடியும் ஒன்றும் இல்லை.

லோகேஸ்வரி சாம்பிள்களை ஓட்டிய ஜெல் தகட்டை நீல விளக்கின்மேல் வைத்துவிட்டு, மூக்கு அதன் கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கோடுகள் பளிச்சென்று நின்றன. ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, அதது இருக்க வேண்டிய இடத்தில். நடுவில் இந்த ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

"கொசோங் லா அக்கா," என்றாள் பின்னால் நின்ற உதவியாளர் சமந்தா. "எத்தன தடவ போட்டாலும் அதேதான் வரும். மூடி வச்சிட்டு வாங்க, பசிக்குது."

"நீ போய்ச் சாப்பிடு. எனக்குப் பசிக்கல."

"உங்களுக்கு என்னைக்கு பசிச்சிருக்கு."

கொசோங் என்றால் மலாயில் காலி. அந்த ஆய்வுக்கூடத்தில் அது ஒரு பெயராகவே ஆகிவிட்டிருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் குழந்தை பேதியும் வாந்தியுமாக ஆஸ்பத்திரியில் படுத்தாலும், பெற்றவர்கள் சம்மதித்தால் அதன் பாம்பர்ஸிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டப்பாவில் போட்டு இங்கே அனுப்புவார்கள். ரோட்டா வைரஸ் இருக்கிறதா என்று முதலில் ஒரு சோதனை. இருந்தால் அது எந்த வகை என்று பிரிக்க வேண்டும். அந்தப் பிரிக்கிற வேலைதான் லோகேஸ்வரிக்கு. தலை நரைக்க ஆரம்பித்த வயது வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்த வைரஸின் மேல்தோலில் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்றை வைத்து ஜி எண், இன்னொன்றை வைத்து பி எண். நம் ஆட்களுக்கு ஐசி என்கிற அடையாள அட்டையில் சொந்தப் பெயரும் அப்பா பெயரும் இருக்கிற மாதிரி, இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இன்ன ஆள் என்று தெரியும். ஜி ஒன்று பி எட்டு, ஜி இரண்டு பி நான்கு என்று அடிக்கடி வருகிற குடும்பங்கள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டில் மாதிரி, அதற்கென்றே செய்த பிரைமர். மீன் இருந்தால் கோடு விழும். எந்தத் தூண்டிலிலும் சிக்காவிட்டால் கொசோங்.

கொசோங் வந்தால் அங்கே ஒரு வழக்கம். டப்பா வெயிலில் நின்றிருக்கும், வேனில் ஐஸ் உருகியிருக்கும், சாம்பிள் கெட்டுப்போச்சு என்று சொல்லி ஃப்ரீஸரின் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவார்கள். கணக்கிலும் சேராது. எல்லா ஊரிலும் கொஞ்சம் கொசோங் இருக்கத்தான் செய்யும், அதனால் யாரும் கேட்பதில்லை.

ஆனால் கெட்டுப்போன சாம்பிள் முதல் சோதனையில் இவ்வளவு அழுத்தமாக வைரஸ் இருக்கிறது என்று காட்டாது. அதுதான் லோகேஸ்வரியை உறுத்தியது.

அன்று மத்தியானம் கையுறை போட்டுக்கொண்டு கீழ்த்தட்டைத் துழாவினாள். சமீபத்தில் வந்தவை மட்டும் ஐந்து டப்பாக்கள். செந்தூல், சுபாங் ஜெயா, சுங்கை வே, காஜாங், மறுபடியும் செந்தூல். ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தும் நம் பிள்ளைகள். ஒரு மலாய்ப் பெயர் இல்லை, ஒரு சீனப் பெயர் இல்லை.

"சமந்தா, இங்க வந்து இதப் பாரு."

சமந்தா மென்றுகொண்டே வந்து பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அக்கா, கிருமிக்கு எப்படிக்கா தெரியும் யாரு தமிழாளுன்னு?"

தூண்டில் இல்லாமல் நேராக வைரஸின் எழுத்துகளையே படிக்கிற சோதனைக்கு ஐந்தையும் அனுப்பினாள். முடிவு வந்த அன்று தலைவர் டாக்டர் பரமேஸ்வரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஜி பத்து, பி பதினொன்னு," என்றார். "அஞ்சும் அதேதான்."

"மனுஷங்க கிட்ட வர்றது இல்லையே டாக்டர் இது."

"எங்கயாவது ஒண்ணு ரெண்டு வரும். ஆனா இது மாட்டோடது லோகேஸ். மாட்டுக் கன்னுக்கு வர்ற பேதி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம கிட்ட மாட்டுக்கு தூண்டிலே கெடையாது. அதான் கொசோங், கொசோங்னு தள்ளிட்டே இருந்திருக்கோம்."

"செந்தூல்ல ஒரு பிள்ள கோண்டோல பதினாலாவது மாடியில இருக்கு டாக்டர். அங்க மாடு எங்கேருந்து வரும்?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். ஆனா வெளிய மூச்சு விடாத. மாடு, தமிழாளு, பிள்ளைங்கன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா பேஸ்புக்ல நம்மள உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க. மொதல்ல மாடு எதுன்னு காட்டு. அது கிட்டயிருந்து ஒரு சாம்பிள் கொண்டா. அப்புறம் நான் பேசுறேன்."

சுங்கை வே தவிர மற்ற நான்கு வீடுகளுக்கும் லோகேஸ்வரி போன் போட்டாள். பால் எங்கே வாங்குகிறீர்கள், பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருக்கிறதா, பிள்ளையைத் தாஸ்கா காப்பகத்தில் விடுகிறீர்களா. பால் சூப்பர்மார்க்கெட் டப்பா. கொட்டகை இல்லை. ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு இடத்தில் வளர்கிறது. கோண்டோவில் இருந்த அந்தச் செந்தூல் அம்மா மட்டும் போனை வைக்கும்போது சொன்னாள்: "வீடு மாறி வந்த நேரம் சரியில்லக்கா. வந்த மூணாம் நாளே பிள்ளைக்கு முடியாமப் போச்சு."

சுங்கை வே வீட்டுக்குப் போன் போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து நேரிலேயே போனாள்.

பழைய வரிசை வீடுதான், ஆனால் புதிதாக வாங்கிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு இன்னும் தொங்கியது. யாரும் கழற்றவில்லை. குழந்தையின் அம்மா குமுதா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இருந்தும் லோகேஸ்வரி தானும் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வீடு ராசியில்லக்கா," என்றாள் குமுதா. "என் மாமனார் சொல்லிட்டாரு, வித்துருவோம்னு. இந்த வீட்டுக்குள்ள வந்தோம், அது போயிருச்சு."

"எத்தன நாள் முடியாம இருந்துச்சும்மா?"

"ரொம்ப நாள்லாம் இல்ல. வாந்தி, அப்புறம் தண்ணியா போச்சு. பல்லு முளைக்கிற பேதின்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் ஒரு சாயங்காலம் அழுதுச்சு, அழுதுச்சு, கண்ணுல தண்ணியே வரல. நான் சும்மா அடம் பண்ணுதுன்னு நெனச்சேன்."

கண்ணீர் வராமல் அழுகிற குழந்தை உடம்பில் தண்ணீர் வற்றிப்போன குழந்தை என்பது லோகேஸ்வரிக்குத் தெரியும். அதை இந்தப் பெண்ணிடம் இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

குமுதா போனை எடுத்தாள். கேட்காமலேயே ஒரு வீடியோவைப் போட்டு அவள் பக்கம் நீட்டினாள். எத்தனை பேரிடம் இப்படி நீட்டியிருப்பாளோ. "கிரகப்பிரவேசத்தன்னிக்கு எடுத்தது. கடைசியா இதுலதான் நல்லா சிரிச்சுச்சு."

இதே கூடம். புகை, விளக்கு, பட்டுப்புடவைகள். தரையில் ஜமுக்காளத்தில் குழந்தை கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்ட கன்றுக்குட்டி ஒன்று குனிந்து அதன் உள்ளங்காலை நக்கியது. குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. வீடியோ எடுத்தவர், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "லட்சுமி வந்து கால நக்குறாடா, கொடுத்து வச்சவன்டா நீ," என்றது ஓர் ஆண்குரல். கன்றின் பின்னங்கால்களில் மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. அது மஞ்சள்தூள் இல்லை.

குமுதா மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

வெளியே காருக்குள் வந்து உட்கார்ந்ததும் லோகேஸ்வரி செந்தூல் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வீடு புகுந்தப்ப மாடு கொண்டாந்தீங்களா?"

"ஆமாக்கா. லிப்ட்ல கன்னு மட்டும் ஏறுச்சு, மாடு கீழேயே நின்னுச்சு. செக்யூரிட்டி கார்டு கூட பெரிய சண்டை. ஏன்க்கா?"

"மாட்டுக்காரர் பேரு?"

"நாகையா அண்ணே. எல்லாரும் அவரத்தான் கூப்பிடுவாங்க. லோரில கொண்டாந்து, வேல முடிஞ்சதும் சுத்தமா கூட்டிட்டுப் போயிருவாரு."

லோகேஸ்வரி போனை வைத்தாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. கிள்ளானில் அவள் தங்கை மாதவிக்குப் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். மாதவியின் பையன் குகனுக்கு ஏழு மாதம். ரோட்டாவுக்கு வாயில் விடுகிற சொட்டு மருந்தை அவனுக்கு விடவில்லை. விட வேண்டிய வாரம் அவனுக்குக் காய்ச்சல், அப்புறம் வீட்டு வேலை, அப்புறம் வயது தாண்டிவிட்டது.

லோகேஸ்வரி போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு மாதவி அழ ஆரம்பித்தாள்; அவர்களும் நாகையாவைத்தான் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் புருஷன் திருச்செல்வம் போனை வாங்கிக்கொண்டான். நல்ல பையன். துறைமுகத்தில் வேலை, பிள்ளை என்றால் உயிர்.

"என்னக்கா, என் பொண்டாட்டிய அழ வைக்கிறீங்க?"

"திரு, நாளைக்கு மாடு வேணாம்."

"அக்கா, சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. ஐயர் சொல்லி, அம்மா சொல்லி, எல்லாம் பேசியாச்சு. இப்பப் போயி மாடு வேணாம்னா என்ன நெனப்பாங்க?" கொஞ்சம் நிறுத்தினான். "லேப்ல உறுதியா சொல்றாங்களா, இந்த மாடுதான்னு?"

உறுதியாக என்ற சொல்லில் அவள் மாட்டிக்கொண்டாள். ஐந்து டப்பா, ஒரு வீடியோ, ஒரு பெயர். அவ்வளவுதான் கையில் இருந்தது.

"இன்னும் பாக்கல. மாட்டப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப இப்படிப் பண்ணுவோம். மாடு உள்ள இருக்குற வரைக்கும் குகன் உங்க கார்ல உங்க கூட. மாடு போனதும் வீட்ட கழுவி விட்டுட்டு உள்ள தூக்கிட்டு வாங்க. உங்களுக்கும் நிம்மதி, அம்மாவுக்கும் நிம்மதி. ஓகேவா?"

அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை இருட்டு விலகுவதற்கு முன்பே கிள்ளான் புக்கிட் திங்கியில் மாதவியின் தெரு கார்களால் நிறைந்திருந்தது. லோகேஸ்வரி தன் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு குகனை மடியில் வைத்திருந்தாள். அவன் அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நீல லோரி வந்து நின்றது. நாகையா இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மெலிந்த ஆள். பலகையைச் சாய்த்து முதலில் மாட்டை இறக்கினார், பிறகு கன்றை. கன்று தயங்கித் தயங்கி இறங்கியது. முதுகெலும்பு தெரிந்தது.

திருச்செல்வம் கயிற்றை வாங்கி முன்னால் நடந்தான். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் வந்தது. மாடு உள்ளே போனது, கன்று பின்னாலேயே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம், பிறகு ஒரே சிரிப்பு. ஜன்னல் வழியாகத் தெரிந்தது: கூடத்து நடுவில் கன்று கழிந்திருந்தது. சாணி இல்லை, தண்ணீர். திருச்செல்வம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்டியிட்டு டிஷ்யூவால் துடைத்தான். அவன் அம்மா வள்ளியம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றாள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

"பாத்தியாடா உங்கப்பன," என்றாள் லோகேஸ்வரி குகனிடம். குகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

மாடும் கன்றும் லோரிக்குத் திரும்பின. மாதவி ஆட்களை வைத்துக் கூடத்தைக் குளோரக்ஸ் ப்ளீச் ஊற்றிக் கழுவினாள். வாடை தெருவரை வந்தது. பிறகு அவளே கையை சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு காருக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"போதுமாக்கா?"

"போதும். தரையில விடாத. யார் கிட்டயும் குடுக்காத. நான் இதோ வந்துடறேன்."

லோரி கிளம்புவதற்குள் சாம்பிள் எடுத்தாக வேண்டும். பையிலிருந்து டப்பாவையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, கன்னுக்கு எத்தன நாளா கழியுது?"

நாகையா அவள் கையுறையைப் பார்த்தார். "மாட்டு டாக்டராம்மா நீங்க?"

"இல்லண்ணே. பிள்ளைங்க ஆஸ்பத்திரி வேல."

"புது புல்லு ஒத்துக்கல, அதான். போன கன்னும் இப்படித்தான் கழிஞ்சுச்சு, செத்துருச்சு. இது அதுக்கு அப்புறம் வந்தது. கன்னு இல்லாம மாட்டக் கொண்டு போனா வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அண்ணே, இனிமே இந்தக் கன்ன எந்த வீட்டுக்கும் கொண்டு போகாதீங்க. பிள்ளைங்களுக்கு வருது. ஒரு பிள்ள செத்துருச்சு."

அவர் கோபப்படவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "என் மாடு பிள்ளையக் கொன்னுச்சுங்குறீங்களா?"

"சோதிச்சுப் பாக்கணும்ங்குறேன்."

"பாருங்க. எடுத்துக்குங்க." அவர் தானே கன்றின் வாலைத் தூக்கிப் பிடித்தார். "ஆனா இப்ப ஷா ஆலம்ல ஒரு வீடு காத்துக்கிட்டிருக்கு. நல்ல நேரம் போயிருச்சுன்னா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? மாட்ட மட்டும் எறக்கப் பாக்குறேன். கேட்டாங்கன்னா எனக்கு வேற வழி இல்ல."

அவள் கரண்டியால் எடுத்து டப்பாவில் போட்டு மூடியை இறுக்கினாள். ஒரு முறைக்கு இரண்டு முறை இறுக்கினாள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து குலவைச் சத்தம் வந்தது. பால் பொங்கிவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இரும்புக் கம்பிக் கதவுக்கு அப்பால், வாசலுக்கு நேராகவே அடுப்பு வைத்திருந்தார்கள். பானையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பொங்கி வழிந்த பாலில் திருச்செல்வம் ஆள்காட்டி விரலைத் தொட்டு, சூடு ஆற ஊதினான். சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது. மாதவி இடுப்பிலிருந்த குகன் வாயைத் திறந்தான். திருச்செல்வம் விரலை அவன் நாக்கில் வைத்தான். குகன் சப்பினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் கூப்பிட்டிருக்கலாம். கையில் டப்பாவும், அசிங்கமான கையுறையுமாக நின்றதில் குரல் வரவில்லை. வந்திருந்தாலும் வேலை முடிந்திருந்தது.

உள்ளே ஓடிப்போய், கை கழுவினாயா என்று கேட்டபோது அவன் சிரித்த முகம் மாறாமல் சொன்னான்: "கை தொடச்சிட்டேன்க்கா. டவல்ல நல்லா தொடச்சேன். பால் காய்ச்சுனதுதானே, அதுல என்ன இருக்கு?"

"பால்ல ஒண்ணும் இல்ல திரு," என்றாள். மாதவி இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வந்தவர்கள் இலை போடுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் நீல லோரி பின்னோக்கி வந்து திரும்பியது. பலகைச் சந்தில் கன்றின் மாலை தெரிந்தது.

மாதவிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பொட்டலங்களைக் கொடுத்து, வாந்தி வந்தால் உடனே போன் போடு என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் பரமேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "சாம்பிளப் போடு, திங்கள் காலையில மேலிடத்துக்குச் சொல்லிடலாம்," என்றார்.

சனிக்கிழமை மாதவி ஒரு படம் அனுப்பினாள். குகன் புதுக் கூடத்தில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிச் சிரித்தான். லோகேஸ்வரி அதைப் பெரிதாக்கி அவன் கண்களை மட்டும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் இரண்டே பேர். மாட்டு வகைக்கென்று வரவழைத்த புதுத் தூண்டிலைப் போட்டு, கீழ்த்தட்டு டப்பாக்கள் ஐந்தையும் கன்றின் சாம்பிளையும் ஒரே ஜெல்லில் ஓட்டினார்கள். சமந்தாதான் நீல விளக்கைப் போட்டாள். ஐந்து கோடுகள் விழுந்திருந்தன. பக்கத்தில் கன்றின் கோடு, அதே உயரத்தில். அதற்கும் பக்கத்தில் ஒரு குழி மிச்சம் இருந்தது. அதில் எதையும் ஊற்றவில்லை.

சமந்தா கேலி எதுவும் பேசவில்லை. "ஷா ஆலம் வீட்ல பிள்ள இருக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

லோகேஸ்வரி கையுறையைக் கழற்றிவிட்டு மாதவிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா, நீங்க பயப்படாதீங்க. விடியக்காலையில கொஞ்சம் கக்கினான். அப்புறம் பாம்பர்ஸ் மாத்தி மாத்தி வைக்கிறேன். பல்லு வருதுன்னு அத்தை சொல்றாங்க. ஈறக் கூட தடவிப் பாத்தாங்க, தட்டுப்படுதாம். அதான் உங்களுக்கு போன் போடல."

பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. மெலிந்து, ஒரே சுருதியில்.

"மாதவி. அவன் முகத்தப் பாரு. அழுறப்ப கண்ணுல தண்ணி வருதா?"

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம். துணி உரசுகிற சத்தம். அழுகை போனுக்கு நெருங்கி வந்தது.

"அக்கா," என்றாள் மாதவி. "இல்லையே. ஏன்க்கா?"

"கார எடுக்கச் சொல்லு. நேரா ஆஸ்பத்திரிக்கு. நான் அங்க வந்துர்றேன். இப்பவே கெளம்பு, துணி மாத்திக்கிட்டு நிக்காத." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். அப்புறம் நின்றாள். "பாம்பர்ஸ தூக்கிப் போட்டுறாத. கொண்டா."

அவளுக்குப் பின்னால் சமந்தா அலமாரியைத் திறந்து ஒரு புது டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் எழுதப் பேனாவை எடுத்தவள், எழுதாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.